ஆச்சியும் பேத்தியும் சேர்ந்து ஏறும் ராட்டினங்களை அகற்றாதீர்கள்: குடும்பப் பூங்கா நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் குடும்பப் பொழுதுபோக்குப் பூங்கா நடத்திவரும் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் பங்குதாரர்களுக்கும்,

வண்ணார்பேட்டையிலும் வள்ளியூரிலும் நீங்கள் வைத்திருக்கும் விளம்பரப் பலகைகளின்படி, வரும் கோடை விடுமுறைக்குள் பூங்காவின் கிழக்குப் பகுதி முழுவதும் பிரித்தெடுக்கப்பட்டு, குட்டி ரயிலும் குடை ராட்டினமும் கொலம்பஸ் படகும் இருந்த இடத்தில் 120 அடி உயரத்திலிருந்து கீழே விழும் கோபுரம் ஒன்றும், ஆட்களைத் தலைகீழாகச் சுழற்றும் ஊசல் ராட்டினம் ஒன்றும், அதிவேக ரோலர் கோஸ்டர் ஒன்றும் அமைக்கப்படவிருக்கின்றன. மண்டையோடும் தீச்சுவாலையும் வரையப்பட்ட அந்தப் பலகையின் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் எழுத்தில், மூன்றுக்கும் குறைந்தபட்ச உயரம் 140 செ.மீ. என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு உங்கள் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டேன். "இப்ப உள்ள பயலுவளுக்கு ரயில் ராட்டினம்லாம் பத்தாது டீச்சர்" என்று மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதைத் தவிர வேறு பதில் வராததால், இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் நாங்குநேரி வட்டத்தில் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளி ஆண்டுதோறும் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை உங்கள் பூங்காவுக்கு அழைத்துவருகிறது. விடுமுறை நாட்களில் என் வீட்டாரோடும் வந்திருக்கிறேன். ஆகவே உங்கள் வாசலில் யார் யார் வந்து இறங்குகிறார்கள் என்பதை ஓரளவு அறிவேன். முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கமிருந்து பீடி சுற்றும் பெண்கள் வாரச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் வேன் பிடித்து, பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். களக்காட்டிலிருந்து வாழை விவசாயிகள் வருகிறார்கள். திசையன்விளை, உவரிப் பக்கமிருந்து ஒரு தெருவே கிளம்பி வருகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் ஊர் திரும்பும் குடும்பங்கள், பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்ட மறுநாள், மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் அடைந்து உங்களிடம்தான் வந்து சேர்கின்றன. இப்படி வருகிற கூட்டத்தில் நண்பர்களாக வரும் கல்லூரி மாணவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால், எந்தக் கூட்டம் பெரிது என்பது உங்கள் சீட்டுக் கொடுப்பவருக்கே தெரியும்.

140 செ.மீ. என்ற எல்லை யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 110 செ.மீ.; பத்து வயதில் அது ஏறத்தாழ 138 செ.மீ. அதாவது, நன்றாக ஊட்டம் பெற்று வளர்ந்த பத்து வயதுப் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் கோட்டைத் தொடமாட்டார்கள். எங்கள் வகுப்புகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலரும் தொடமாட்டார்கள். அந்தப் பக்கம், இரத்த அழுத்தம், இதயநோய், முதுகுத்தண்டுக் கோளாறு, கர்ப்பம் என்று இத்தகைய இயந்திரங்களின் வாசலில் வழக்கமாக எழுதிவைக்கப்படும் தடைகளைச் சேர்த்துக்கொண்டால், தாத்தா ஆச்சிமார்களும் இளம் தாய்மார்களில் ஒரு பகுதியினரும் விலகிவிடுகிறார்கள். ஒரு வேனில் வந்த பதினைந்து பேரில் நான்கைந்து பேர் மட்டும் ஏறவும், மற்றவர்கள் கீழே பையையும் செருப்பையும் காத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கவுமான ஓர் ஏற்பாட்டுக்கு, பதினைந்து பேரிடமும் ஒரே நுழைவுக் கட்டணம் வாங்கப்போகிறீர்கள்.

நீங்கள் எடுக்கப்போகிற கொலம்பஸ் படகை ஒருமுறை நிதானமாகக் கவனியுங்கள். அதன் நடு வரிசையில் உட்காருகிறவருக்குத் தொட்டிலாட்டத்தைவிடச் சற்றே கூடுதலான ஆட்டம்; கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கு உச்சியில் வயிறு கழன்று போகிற உணர்வு. ஒரே இயந்திரம், ஒரே நேரம். இருக்கையை மாற்றிக்கொண்டால் அவரவருக்குத் தாங்கக்கூடிய அச்சம் அவரவருக்குக் கிடைக்கிறது. ஏழு வயதுப் பேத்தியும் அறுபது வயது ஆச்சியும் நடுவில் கைகோத்து உட்கார்ந்திருக்க, பதினாறு வயது அண்ணன் விளிம்பில் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு கத்துவதை நான் அங்கே பார்த்திருக்கிறேன். இறங்கிய பிறகு மூவரும் பேசுவதற்கு ஒரே கதை இருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பேத்தி ஒரு வரிசை பின்னால் போவாள். அதற்கடுத்த ஆண்டு இன்னொரு வரிசை. உங்கள் அலைக்குளமும் அப்படித்தான்: கணுக்கால் அளவு தண்ணீரில் ஆச்சி, இடுப்பளவில் அம்மா, மார்பளவில் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே அலை. குட்டி ரயில் புங்க மரங்களுக்குக் கீழே குளத்தைச் சுற்றி வருவதைத் தவிர எதுவும் செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு வந்த தாய் உட்கார்ந்துகொண்டே பூங்கா முழுவதையும் பார்க்க அதைவிட்டால் வேறு வழியில்லை. ஒரு பூங்கா குடும்பங்களுக்கானதா இல்லையா என்பதை, எத்தனை பேர் சேர்ந்து ஏற முடிகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். புதிதாக வரவிருக்கும் மூன்றிலும் அப்படி ஓர் இருக்கைகூட இல்லை.

பிள்ளைகள் அஞ்சவே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். கட்டுப்படுத்தப்பட்ட அச்சம் வளர்கிற பிள்ளைக்கு நல்லதென்றே நினைக்கிறேன். ஆனித் திருவிழாவையொட்டி நெல்லையில் நடந்துவந்த பொருட்காட்சியில் ராட்சத ராட்டினத்தின் உச்சியில் தொட்டில் நின்று ஆடுகையில் கண்ணை மூடிக்கொள்ளாத பெண் நான் என்ற பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு. இளைஞர்கள் இதற்காகக் கொச்சிக்கும் சென்னைக்கும் போகிறார்கள், அந்தப் பணம் நம் மாவட்டத்திலேயே நிற்கட்டுமே என்ற உங்கள் எண்ணத்திலும் தவறில்லை. என் மறுப்பெல்லாம், அதற்காகக் கிழக்குப் பகுதியைப் பலிகொடுப்பதற்குத்தான். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்கா 1952-இல் ஒரு தேவதைக் கதை வனத்தோடு தொடங்கியது. 1981-இல் அங்கே பைத்தான் என்ற, தலைகீழாகத் திருப்பும் இரும்பு ரோலர் கோஸ்டர் வந்தது. ஆனால் அந்த வனம் இன்றும் இருக்கிறது. தன் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுகையில் தான் மட்டும் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்ததிலிருந்துதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் ஓர் இடம் வேண்டுமென்ற எண்ணம் வால்ட் டிஸ்னிக்குப் பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1955-இல் திறந்த அவருடைய டிஸ்னிலாந்தில் 1959-இல் மேட்டர்ஹார்ன் என்ற ரோலர் கோஸ்டர் வந்தது, 1977-இல் ஸ்பேஸ் மவுண்டன் என்ற இன்னொன்று வந்தது. குதிரை ராட்டினம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சேர்த்தார்கள், நீங்கள் மாற்றுகிறீர்கள்.

இனி, மேலாளர் பேச விரும்பாத பகுதிக்கு வருகிறேன். உங்கள் 120 அடிக் கோபுரம் ஏறத்தாழ 36 மீட்டர். அதில் 25 மீட்டர் தடையின்றி விழும் ஓர் இருக்கை, சுமார் இரண்டேகால் நொடியில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகத்தைப் பத்து மீட்டர் தூரத்துக்குள் சீராக நிறுத்தினால், அமர்ந்திருப்பவர் தம் எடையைப்போல் மூன்றரை மடங்கை உணர்வார். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 140 கிலோ. ஆரோக்கியமான உடல் ஓரிரு நொடிகளுக்கு இதைத் தாங்கும். தாங்கும்படி அமைப்பதற்கென்றே ஒரு பொறியியல் துறை நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்திருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் கோனி ஐலண்டில் முழு வட்டமாக அமைத்த சுழல் பாதை ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தது. மேலே குறுகியும் கீழே விரிந்தும் இருக்கும் கண்ணீர்த்துளி வடிவப் பாதை 1976-இல் வந்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் உரிய உயரமும் எடையும் உள்ள ஒருவர், உரிய முறையில் பூட்டப்பட்ட இருக்கையில் அமர்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே போடப்படுகின்றன. அந்த இடத்தில்தான் உங்கள் பூங்காவின் மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு கடைசியாக வந்தபோது, இப்போதுள்ள சுழல் ராட்டினத்தின் வாசலில் உயரக் கோடு ஒரு தூணில் பெயின்ட்டால் போடப்பட்டிருந்தது. தரைக்குப் புதிதாக ஓடு பதித்து மேடு உயர்ந்த பிறகும் கோடு பழைய இடத்திலேயே இருந்தது. ஆக, நின்று அளக்கும் எந்தப் பிள்ளையும் உள்ளதைவிட உயரமாகவே தெரிந்தது. அதற்கும் எட்டாத ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை நான் திருப்பி அழைத்தபோது, ஆபரேட்டர் தம்பி என்னிடம், "ஒண்ணும் ஆகாது டீச்சர், கெட்டியா பிடிச்சுக்கிடச் சொல்லுங்க, நான் ஏத்தி விடுதேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. பிள்ளையின் முகம் வாடுவதைப் பொறுக்காத நல்ல மனம் அவருக்கு. அவருக்கு அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறதென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை நின்ற நிலையில், மாற்று ஆள் இல்லாமல், ஒருவரே சீட்டு வாங்கி, பெல்ட் மாட்டி, பொத்தானையும் அமுக்குகிறார். இதே ஏற்பாட்டோடு 120 அடிக் கோபுரத்தை நடத்தப்போகிறீர்களா?

2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு விழும் கோபுரத்திலிருந்து 14 வயதுச் சிறுவன் தவறி விழுந்து இறந்தான். குறிப்பிட்ட இருக்கைகளில் பூட்டின் நிலையைக் காட்டும் உணரிகள் (சென்சார்) கையால் மாற்றியமைக்கப்பட்டு, பூட்டு வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருந்த நிலையிலும் இயந்திரம் இயங்க அனுமதித்தது விசாரணையில் தெரியவந்தது. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில், நீங்கள் கொண்டுவரவிருக்கும் வகையைச் சேர்ந்த ஊசல் ராட்டினம் ஒன்று முறிந்து விழுந்து இருவர் இறந்தனர், இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும்: ஆஸ்திரேலியாவின் ட்ரீம்வேர்ல்டில் 2016 அக்டோபரில் நால்வர் இறந்தது, குடும்பத்தோடு ஏறும் சாதுவான ஆற்றுப் படகுச் சவாரியில். தண்ணீர் ஏற்றும் பம்ப் அன்று முன்னரே நின்று நின்று ஓடியிருந்தும் சவாரியை நிறுத்தவில்லை. கடைசியாக நின்றபோது நீர்மட்டம் இறங்கி ஒரு படகு சிக்க, பின்னால் வந்த படகு அதில் மோதியது. பராமரிப்பில் குறை இருந்தால் குட்டி ரயிலும் ஆளைக் கொல்லும். பராமரிப்பை நிரூபிக்காத ஒரு நிறுவனம் உயரத்தைக் கூட்டினால் பிழைக்கான இடம் இன்னும் சுருங்கிப்போகும் என்பதுதான் என் கவலை.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் இறங்கும் காற்று புரட்டாசி வரை ஓய்வதில்லை. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் உயர்ந்த கட்டமைப்பின் மீது அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை எட்டாம் வகுப்புக்கே நான் விளக்கிவிடுவேன். உயரமான ராட்டினங்களைக் குறிப்பிட்ட காற்று வேகத்துக்கு மேல் நிறுத்திவைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அப்படியானால் குற்றாலச் சீசனையொட்டி உங்களுக்கு வெளியூர்க் கூட்டம் வருகிற அந்த மாதங்களிலேயே இந்தக் கோபுரம் பல நாட்கள் மூடிக்கிடக்க வேண்டியிருக்கும். அல்லது, மூட மனமில்லாமல் ஓட்டப்படும். இரண்டில் எது நடக்கும் என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. 2025 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவின் ராட்டினம் நடுவானில் நின்றுபோய், ஏறத்தாழ முப்பது பேர் மணிக்கணக்கில் மேலேயே சிக்கியிருந்தபோது, தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணி வண்டி வந்துதான் அவர்களை இறக்கியது. மாநகருக்குள் அது முடிந்தது. உங்கள் பூங்காவுக்கு அப்படியொரு வண்டி எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்? பலத்த காயமுற்ற ஒருவரை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

உயரத்தை நம்பிப் போட்ட முதலீடு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் வணிகர்களாகிய நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். 2005-இல் 139 மீட்டரில் உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டராகத் திறக்கப்பட்ட அமெரிக்காவின் கிங்டா கா, 2024-இல் மூடப்பட்டு 2025 தொடக்கத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை. உங்கள் 120 அடியைப் பார்க்க ரீல்ஸ் எடுக்கும் பிள்ளைகள் முதல் ஆண்டு வருவார்கள். அடுத்த ஆண்டு மதுரையில் எவராவது 150 அடி வைத்தால் அங்கே போய்விடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிற வேன்கள் அப்படி இடம் மாறுவதில்லை.

ஆகவே, உங்களிடம் கேட்பவை இவை. கிழக்குப் பகுதியைப் பிரிக்கும் வேலையை உடனே நிறுத்தி, குட்டி ரயிலும் குடை ராட்டினமும் கொலம்பஸ் படகும் அகற்றப்படமாட்டா என்று எழுத்தில் அறிவியுங்கள். அவை பழுதானால் அதே இடத்தில் அதே வகைக்குப் புதியதை வையுங்கள். மூன்று தீவிர ராட்டினங்களுக்குப் பதில், இளைஞர்களுக்காக ஒன்றை மட்டும் மேற்கே வாகன நிறுத்தத்தை ஒட்டிய வெற்றிடத்தில் அமையுங்கள். மிச்சப் பணத்தில், 100 செ.மீ. உயரமுள்ள பிள்ளை பெற்றோர் பக்கத்தில் அமர்ந்து போகக்கூடிய மிதமான ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கொண்டுவாருங்கள். இந்த வட்டாரத்தில் உண்மையில் இல்லாதது அதுதான்.

எந்தப் புதிய ராட்டினமும் திறக்கப்படுவதற்கு முன், இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 15475 தரநிலையின்படி உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத பொறியாளரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றிதழையும் அன்றன்றைய காலைச் சோதனைத் தாளையும் வாசலில் தமிழில் ஒட்டுங்கள். காற்றுமானி பொருத்தி, எந்த வேகத்தில் நிறுத்தப்படும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். தூணில் போட்ட கோட்டை அழித்துவிட்டு, தரையோடு பிணைத்த அளவுகோல் வையுங்கள்; அளப்பவர் ஒருவர், பூட்டுகிறவர் ஒருவர், இயக்குகிறவர் ஒருவர் என்று ஆள் போட்டு, அவர்களுக்குப் பயிற்சியும் இடைவேளையும், மறுத்து நிற்கிற அதிகாரமும் கொடுங்கள். மறுத்ததற்காக எந்தத் தம்பியும் சம்பளம் இழக்கக் கூடாது. மேலே சிக்கியவர்களை இறக்கும் ஒத்திகையைத் தீயணைப்புத் துறையினரோடு சேர்ந்து, திறப்பதற்கு முன் ஒருமுறையேனும் நடத்துங்கள்.

நுழைவுக் கட்டணத்தைப் பொறுத்தவரை, உயரத்தாலோ வயதாலோ உடல்நிலையாலோ தீவிர ராட்டினங்களில் ஏற முடியாதவர்களிடம் அவற்றுக்கான தொகையை வாங்காதீர்கள். கைக்குழந்தையோடு வரும் பெற்றோரில் ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் குழந்தையை வைத்திருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் தாமும் ஏறுகிற வசதியை டிஸ்னி பூங்காக்கள் தருகின்றன. செலவில்லாத அந்த ஏற்பாட்டை நீங்களும் செய்யலாம்.

பங்குனி உத்திரத்துக்கு முன்பாக, பள்ளித் தலைமையாசிரியர்களையும் பெற்றோர்களையும் அழைத்து உங்கள் பூங்காவிலேயே ஒரு கூட்டம் நடத்தி, வரைபடத்தை எங்களுக்குக் காட்டுங்கள். கூட்டமும் எழுத்துமூலப் பதிலும் இல்லையென்றால், இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்கு உங்கள் பூங்காவைத் தவிர்க்குமாறு எங்கள் பள்ளி நிர்வாகத்திடமும், அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வேன். இந்த மடலின் படியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை